மடுல்சீமையில் செத்துக் கிடந்தது செந்நாயா, நரியா?

மடுல்சீமை மைந்தன் | சனி, இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். இலங்கை மலையகத்தில் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். மிருகங்களைப் பற்றித் தெரிந்தவர்கள் இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

இன்று காலை பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகும் வழியில், கவ்வாத்து வெட்டிய மலைக்கும் மானாப்புல் காட்டுக்கும் நடுவில் உள்ள கான் (தண்ணீர் ஓடும் வாய்க்கால்) ஓரத்தில் ஒரு மிருகம் செத்துக் கிடந்தது. இடுப்பில் கம்பிச் சுருக்கு. பன்றிக்கு யாரோ வைத்தது. உடம்பு விறைக்கவில்லை, விடியற்காலையில்தான் உயிர் போயிருக்க வேண்டும். பார்க்க நாய் மாதிரிதான், ஆனால் நாய் இல்லை. முதுகில் கறுப்பும் சாம்பலும் கலந்த மயிர். கால்களும் காதின் பின்புறமும் செம்மண் நிறம். வால் நுனி கறுப்பு.

அப்பாயி பார்த்தவுடன் "இது செந்நாய்" என்றார். லயத்தில் (எங்கள் வரிசை வீடுகளில்) கூடியவர்களில் ஒருவர் இருபது கிலோ தேறும் என்றார், இன்னொருவர் இருபத்தைந்து என்றார். எனக்கு மனது கேட்கவில்லை. உரச் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு போய் கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசில் மாட்டினேன். சாக்கைக் கழித்து 7 கிலோ 300 கிராம். கணக்கப்பிள்ளை நம்பாமல் இன்னொரு தடவை மாட்டிப் பார்த்தார், அதே எடைதான்.

தங்கச்சியின் தையல் டேப்பால் அளந்தும் பார்த்தேன். மூக்கு நுனியிலிருந்து வால் முளைக்கும் இடம் வரை 71 சென்டிமீட்டர். வால் 24. பாதத்திலிருந்து தோள் வரை 40. பெட்டை. முலைக்காம்புகள் தடித்திருந்தன, ஒன்றை அழுத்தியபோது பால் கசிந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

மானாப்புல் ஓரத்திலேயே குழி தோண்டிப் புதைத்துவிட்டேன். இது என்ன மிருகம்? இத்தனை பேர் கண்ணுக்கும் இருபது கிலோவாகத் தெரிந்தது எப்படி ஏழு கிலோவானது?

லிந்துலை டீச்சர் | சனி, இரவு 9.15

தம்பி, அளந்து எழுதியதற்கு முதலில் நன்றி. நம் பக்கம் மிருகக் கதைகள் ஏராளம், அளவு சொல்பவர் ஒருவரும் இல்லை.

அது நரி. இலங்கைக் காட்டில் நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த மிருகம் நரி ஒன்றுதான். ஓநாய் கிடையாது, செந்நாய் கிடையாது. உலகம் முழுவதும் பொன்னரி என்று சொல்லும் இனத்தின் தென்னிந்திய, இலங்கைக் கிளை இது. 1841இல் வாக்னர் என்ற ஜெர்மன் விலங்கியலாளர் இதற்கு வைத்த விஞ்ஞானப் பெயரின் கடைசிச் சொல் 'நரியா'. அதை வாசிக்கும்போதெல்லாம் நம்முடைய சொல் காதில் விழுகிறது.

இந்தக் கிளைக்குச் சொல்லப்படும் உடல் நீளம் 67 முதல் 74 சென்டிமீட்டர், எடை 5 முதல் 8.6 கிலோ. உங்கள் 71ம் 7 கிலோ 300ம் அதற்குள் அப்படியே உட்காருகின்றன. ஐரோப்பாவில் இதே பொன்னரி 10 கிலோவுக்கு மேல் நிற்பது சாதாரணம். நம்முடையது சின்ன உடம்புக்காரி.

ஹப்புத்தளைக் காற்று | சனி, இரவு 9.50

டீச்சர், மரியாதையோடுதான் மறுக்கிறேன். எங்கள் தோட்டத்தில் இரண்டு வருடத்துக்கு முன் பனிமூட்டத்தில் ஒன்றைப் பார்த்தேன். அல்சேஷன் நாய் உயரம் நின்றது. அது நரி என்றால் என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் தாத்தா காலத்திலிருந்தே இங்கே செந்நாய் உண்டு என்றுதான் சொல்வார்கள். பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து பொய் சொல்வார்களா?

பேராதனை மாணவி | சனி, இரவு 10.05

இனத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். மடுல்சீமை அண்ணா, உங்களுக்கு அவசரமாக ஒன்று கேட்க வேண்டும். அதைத் தூக்கும்போது கையுறை போட்டிருந்தீர்களா? கையில் கவ்வாத்துக் கத்தி வெட்டு, தேயிலைக் குச்சிக் கீறல் ஏதாவது இருக்கிறதா? வாயைத் தொட்டீர்களா?

நான் மிருக வைத்தியம் படிக்கிறேன். விசர்நாய்க்கடி நோய் (ரேபிஸ்) நாயிடம் மட்டும் வருவதில்லை. நரிக்கும் வரும், எச்சிலில் கிருமி இருக்கும். மிருகம் செத்த பிறகும் அந்த எச்சில் காயத்தில் பட்டால் ஆபத்துதான். சுருக்கில் மாட்டிய மிருகம் கம்பியைக் கடித்துக் கடித்து உடம்பெல்லாம் எச்சிலாக்கியிருக்கும். அறிகுறி தெரிந்த பிறகு இந்த நோய்க்கு மருந்து இல்லை, அறிகுறி வருவதற்கு முன் தடுப்பூசி இருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம்.

இப்போதே சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கையைக் கழுவுங்கள். காலையில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தராசுக் கொக்கியையும் டேப்பையும் கழுவச் சொல்லுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் (பி.எச்.ஐ.) தகவல் கொடுங்கள். சந்தேகமான மிருகத்தின் தலையைக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்பிச் சோதிக்க முடியும். புதைத்தாகிவிட்டதால் இனி என்ன செய்யலாம் என்பதை அவர் சொல்வார்.

மடுல்சீமை மைந்தன் | சனி, இரவு 10.20

கையுறை இல்லை. இடது கைப் பெருவிரலில் ஒரு வெட்டு இருக்கிறது, மூன்று நாள் பழசு. வாயைத் திறந்து பல்லையும் பார்த்தேன். இப்போது கை கழுவப் பீலித் தண்ணீருக்குப் போகிறேன்.

லிந்துலை டீச்சர் | சனி, இரவு 10.30

போங்கள் தம்பி. காலையில் வேலைக்குப் போகாதீர்கள், ஒரு பேர் (ஒரு நாள் சம்பளம்) போனாலும் பரவாயில்லை. ஆஸ்பத்திரிதான் முதலில்.

கூடலூர்ப் பேத்தி | ஞாயிறு, காலை 7.10

நான் நீலகிரியில் இருந்து எழுதுகிறேன். என் அம்மாவின் பெற்றோர் நமுனுகலைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள். இங்கே வந்தும் அரசு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்துதான் எடுத்தார்கள். ஹப்புத்தளை அண்ணனுக்கு நான் பதில் சொன்னால் பொருத்தமாக இருக்கும், ஏனென்றால் செந்நாய் என் வீட்டுக்கு மேலேயே இருக்கிறது.

செந்நாய் உடம்பு முழுக்கத் துருப்பிடித்த இரும்பின் செம்மை. முதுகில் கறுப்பு கலக்காது. வால் புசுபுசுவென்று நீண்டு, பாதிக்கு மேல் கறுத்திருக்கும். காது உருண்டை, முகவாய் குட்டை. நரிக்குக் காதும் முகமும் கூர்மை. எடை பெட்டைக்கு 10 முதல் 17 கிலோ, கடுவனுக்கு 15 முதல் 21 கிலோ. தோள் உயரம் அரை மீட்டரைச் சுற்றி. வால் மட்டுமே 40 சென்டிமீட்டரைத் தாண்டும். மடுல்சீமை அண்ணா அளந்த 24 சென்டிமீட்டர் வாலை வைத்தே இது செந்நாய் இல்லை என்று சொல்லிவிடலாம்.

சத்தமும் வேறு. நரி அந்தியில் ஊளையிடும், ஒன்று தொடங்கினால் மற்றவை சேர்ந்துகொள்ளும். செந்நாய் அப்படி ஊளையிடாது. விசில் அடிக்கும். புதருக்குள் கூட்டம் பிரிந்துபோனால் விசிலால்தான் ஒன்றையொன்று தேடிக்கொள்ளும். முதல் தடவை கேட்டபோது யாரோ பையன்கள் ஒளிந்து விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். அப்புறம் ஏழு செந்நாய்கள் வரிசையாகத் தேயிலைக்குள்ளிருந்து ரோட்டுக்கு ஏறின. எங்களைப் பார்த்தன, நின்றன, கடந்துபோயின. மனிதரை அவை தாக்குவதில்லை. நான் பார்த்த மிருகங்களிலேயே அழகானது அதுதான்.

பெரியவர்கள் பொய் சொல்லவில்லை அண்ணா. நம் முன்னோர் திருச்சி, சேலம், மதுரைப் பக்கத்திலிருந்து மன்னார் வழியாக நடந்து இலங்கைக்குப் போனபோது, அந்தப் பக்கத்துக் காடுகளில் இருந்த செந்நாயின் கதையையும் பெயரையும் கூடவே கொண்டுபோயிருப்பார்கள். அங்கே மலையில் சிவப்பாக ஒன்று ஓடியதைப் பார்த்ததும் அந்தப் பெயர் வாயில் வந்திருக்கும். என் தாத்தா கூடலூருக்கு வந்து உண்மையான செந்நாயைப் பார்த்த அன்று, "நாங்க அங்க சொன்னது இத இல்ல போல இருக்கே" என்றாராம். அம்மா அடிக்கடி சொல்வார்.

ஹப்புத்தளைக் காற்று | ஞாயிறு, காலை 8.00

தங்கச்சி, உங்கள் தாத்தா சொன்னது என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. என் தாத்தாவும் சேலத்து ஆள்தான். ஆனால் நான் பார்த்த உயரம்?

பேராதனை மாணவி | ஞாயிறு, காலை 8.45

அண்ணா, நீங்கள் கீழே நின்றீர்களா, அது மேலே நின்றதா? சரிவில் மேலே நிற்கும் எதுவும் காலிலிருந்து காது வரை முழுசாகத் தெரியும், பின்னால் வெறும் வானம் இருக்கும். பனிமூட்டத்தில் தூரத்தை மட்டுக்கட்ட முடியாது. பத்தடியில் நிற்பதை முப்பதடியில் நிற்பதாகக் கண் எடுத்துக்கொண்டால், உருவத்தையும் மனது பெரிதாக்கிவிடும். பயந்த நரி மயிரைச் சிலிர்த்தால் உடம்பு இன்னும் பருத்துத் தெரியும். கால் நீளம் வேறு. வீட்டு நாய் அதே உயரத்தில் இருந்தால் கனமாக இருக்கும், நரி எலும்பும் காற்றுமாக இருக்கும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. பல். நாய், நரி, ஓநாய் எல்லாவற்றுக்கும் 42 பல். செந்நாய்க்கு மட்டும் 40. கீழ்த்தாடையின் கடைசியில் பக்கத்துக்கு ஒரு கடைவாய்ப்பல் குறைவு. முழுக்க இறைச்சி தின்னும் மிருகம் அது, அரைக்கும் பல் அதற்கு அவ்வளவாகத் தேவையில்லை. நரி எலி, முயல், நண்டு, வெட்டுக்கிளி, செத்த மாடு, விழுந்த பழம் எல்லாம் தின்னும். பழைய மண்டையோடு எங்காவது கிடந்தால் எண்ணிப் பார்க்கலாம். ஆனால் தயவுசெய்து கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

பொகவந்தலாவை | ஞாயிறு, காலை 9.30

எங்கள் கணக்கில் சொல்கிறேன். என் மனைவியிடம் தோட்டத்தில் ஒரு நாளைக்குக் கேட்பது 18 கிலோ கொழுந்து. நல்ல கடுவன் செந்நாய் ஒன்று அந்த முழுப்பேர் கனம். மடுல்சீமை நரி அரைப்பேருக்கே காணாது. கூடையை முதுகில் சுமந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் உடனே புரியும்.

லிந்துலை டீச்சர் | ஞாயிறு, காலை 10.20

நல்ல கணக்கு. பிள்ளைகளுக்கு இனி இப்படித்தான் சொல்லிக்கொடுப்பேன்.

நரிக்கும் செந்நாய்க்கும் உள்ள வித்தியாசம் இரையிலும் தெரியும். மரையை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் மரை என்பதை நீலகிரியில் கடமான் என்பார்கள். அங்கே செந்நாய்க் கூட்டத்தின் முக்கியமான இரைகளில் ஒன்று அது. துரத்தினால் குளத்தில் இறங்கிக் கழுத்தளவு தண்ணீரில் நிற்குமாம். இங்கே ஹோர்ட்டன் சமவெளியில் மரைகள் சாயங்காலம் புல்வெளியில் மந்தையாக மேய்கின்றன. அவற்றைப் பிடிக்க இருப்பது சிறுத்தை ஒன்றே. ஏழு கிலோ நரி மரைக்குட்டியைத் தூக்கினாலும் தூக்கலாம், வளர்ந்த மரையை ஒன்றும் செய்ய முடியாது.

கடைசிப் பனியுகத்தில் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணை நிலமாகக் கிடந்தது, மிருகங்கள் நடந்தே வந்தன. சிங்கம்கூட வந்திருக்கிறது. குருவிட்டைப் பக்கம் கிடைத்த புதைபடிவப் பல்லை வைத்து 1939இல் பி.ஈ.பி. தெரணியகல இலங்கைச் சிங்கத்தை விவரித்தார். அந்தச் சிங்கம் எப்போதோ அழிந்துவிட்டது, இன்றைக்கு நாய்க் குடும்பத்தில் மிஞ்சியிருப்பது இந்த நரிதான். அதனால்தான் ஒரு நரி சுருக்கில் போனால் எனக்கு அவ்வளவு வலிக்கிறது.

பொகவந்தலாவை | ஞாயிறு, காலை 11.00

டீச்சர், வலி புரிகிறது. ஆனால் எங்கள் லயத்தில் போன வருடம் பதினான்கு கோழி போனது. ஆட்டுக்குட்டி ஒன்றும் போனது. கம்பி வைக்கிறவனையும் முழுக்கக் குறை சொல்ல முடியவில்லை. பன்றி ஒரு ராத்திரியில் மரவள்ளித் தோட்டத்தையே புரட்டிப்போடுகிறது.

பேராதனை மாணவி | ஞாயிறு, மதியம் 12.15

கோழி போனது உண்மையான நட்டம், அதை நான் சின்னதாகப் பேசமாட்டேன். ராத்திரியில் கூட்டை நன்றாக அடைப்பதுதான் இதற்கு உதவும். கோழியைப் பிடிப்பதும் நரி மட்டும் இல்லை. மரநாய், கீரி, காட்டுப்பூனை, கட்டாக்காலி நாய் என்று பட்டியல் நீளம். நரியின் அன்றாடச் சாப்பாட்டில் பெரும் பங்கு எலி. வருடம் முழுவதும் உங்கள் மரவள்ளிக் கிழங்கைக் கறம்பும் எலியை அது பிடிப்பதை யாரும் பார்ப்பதில்லை, ஒரு நாள் கோழியோடு ஓடுவதை எல்லோரும் பார்க்கிறோம்.

கம்பி ஆள் பார்த்துப் பிடிக்காது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் தோட்டத்தில் கருஞ்சிறுத்தை ஒன்று பன்றிக்கு வைத்த சுருக்கில் மாட்டியது நினைவிருக்கும். உயிரோடு மீட்டுச் சிகிச்சைக்கு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள், சில நாளில் செத்துவிட்டது. இலங்கை மலைகளில் கருஞ்சிறுத்தை எவ்வளவு அரிது! பத்து ரூபாய்க் கம்பித் துண்டு அதை முடித்துவிட்டது.

ஹப்புத்தளைக் காற்று | ஞாயிறு, மதியம் 12.40

ஒரு கேள்வி. நேற்று இதை எங்கள் மாமாவிடம் சொன்னேன். "புதைத்த இடத்தைக் கேள், நரிக்கொம்பு இருந்தால் நல்ல விலை" என்கிறார். வழக்கு ஜெயிக்கும், காணாமல் போனது திரும்பும் என்று நம்புகிறார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனால் என்ன பதில் சொல்வது?

லிந்துலை டீச்சர் | ஞாயிறு, பிற்பகல் 2.00

மாமாவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். இது பழைய நம்பிக்கை. 1845 முதல் 1850 வரை இலங்கையில் பிரிட்டிஷ் ஆட்சியின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், கூட்டத் தலைவனான நரியின் மண்டையில் அரை அங்குல அளவில் ஒரு சின்னக் கொம்பு இருக்கும் என்று மக்கள் நம்பியதை எழுதி வைத்திருக்கிறார். நரிக்கொம்பு என்ற நம் சொல்லையே அப்படியே ஆங்கில எழுத்தில் போட்டிருக்கிறார். வழக்கில் ஜெயிக்க வைக்கும் என்ற கதையும் அப்போதே இருந்தது. மண்டையோட்டில் அபூர்வமாக எலும்பு கொஞ்சம் புடைக்கலாம், அவ்வளவுதான். சந்தையில் நரிக்கொம்பு என்று விற்பவர்கள் தோலையும் மயிரையும் சுருட்டி ஒட்டி ஏமாற்றுகிறார்கள். அதற்காக நரி சாகிறது, வாங்குபவருக்குக் காசும் போகிறது.

விசர் சந்தேகம் உள்ள உடம்பைத் தோண்டக் கூடாது என்பதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்.

மடுல்சீமை மைந்தன் | ஞாயிறு, இரவு 7.30

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். டாக்டர் விரலைப் பார்த்தார், எல்லாவற்றையும் கேட்டார். சோதனைக்குக் காத்திருக்க வேண்டாம், தொடங்கிவிடுவோம் என்று முதல் ஊசி போட்டார். மறுபடி வர வேண்டிய தேதிகளை அட்டையில் எழுதித் தந்திருக்கிறார். கணக்கப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனேன், அவருக்கும் போட்டார்கள். பேராதனைத் தங்கச்சி, நீங்கள் கேட்டிருக்காவிட்டால் நான் இதை நினைத்தே பார்த்திருக்கமாட்டேன்.

ஆனால் பால் கசிந்தது மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. குட்டிகள் எங்கேயோ கிடக்கின்றன, இல்லையா?

பேராதனை மாணவி | ஞாயிறு, இரவு 8.10

கிடக்கும் அண்ணா. எத்தனை நாள் குட்டி என்பதுதான் கேள்வி.

நரி ஏறக்குறைய இரண்டு மாதம், 60 முதல் 63 நாள், சுமக்கும். செந்நாய்க்கும் அதே அளவுதான். ஒரு ஈற்றில் இரண்டு முதல் நான்கு குட்டி சாதாரணம், சில சமயம் கூடும். பிறக்கும்போது குட்டி இருநூறு கிராமைச் சுற்றித்தான் இருக்கும், உள்ளங்கையில் வைக்கலாம். கண் திறக்க எட்டு முதல் பதினொரு நாள். இரண்டு, மூன்று வாரத்தில் இறைச்சி தின்னத் தொடங்கும். பால் முழுக்க நிற்க எட்டு முதல் பத்து வாரம் ஆகும்.

கண் திறக்காத குட்டிகள் என்றால் தாய் இல்லாமல் பிழைக்காது. ஆனால் வளைக்கு வெளியே வந்து நடக்கும் வயது என்றால் வழி இருக்கிறது. நரி ஜோடியாக வாழும் மிருகம். கடுவனும் இரை பிடித்து விழுங்கி வந்து குட்டிகளுக்குக் கக்கிக் கொடுக்கும். சில குடும்பங்களில் முந்தின ஈற்றுக் குட்டி ஒன்று கூடவே தங்கித் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும். செந்நாய்க் கூட்டத்தில் இது இன்னும் பெரிய அளவில் நடக்கும், தாயையே எல்லோரும் சேர்ந்து ஊட்டுவார்கள்.

தேடிப் போனால் தொடாதீர்கள். வளைக்குப் பக்கத்தில் போகவும் வேண்டாம், தூர நின்று பாருங்கள். சாப்பாடும் வைக்காதீர்கள், நாய்கள் மோப்பம் பிடித்து வரும்.

கூடலூர்ப் பேத்தி | ஞாயிறு, இரவு 9.00

எத்தனை வருடம் வாழும் என்று யாரும் சொல்லவில்லையே. நரி காட்டில் எட்டு ஒன்பது வருடம் வாழலாம், கூண்டில் பதினாறு வரை போயிருக்கிறது. செந்நாயும் கூண்டில் பதினைந்து பதினாறு தொடும். காட்டில் அவ்வளவு கொடுப்பினை இல்லை, நிறையக் குட்டிகள் முதல் வருடத்திலேயே போய்விடும்.

வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் செந்நாயைக் கொன்று காட்டினால் பரிசுப் பணம் கொடுத்தார்கள். 1972 வனவிலங்குச் சட்டம் வந்துதான் அதற்குக் காப்பு கிடைத்தது. இன்றைக்கு உலகக் காடுகள் எல்லாவற்றிலும் சேர்த்து இனப்பெருக்க வயதில் உள்ள செந்நாய்கள் 949க்கும் 2,215க்கும் நடுவில்தான் என்று மதிப்பிடுகிறார்கள். ஒரு பெரிய தோட்டத்து ஜனத்தொகை கூட இல்லை. உங்கள் நரிக்கும் அந்த நிலைமை வர விடாதீர்கள்.

மடுல்சீமை மைந்தன் | வியாழன், இரவு 8.50

நாலு நாளாக எழுத முடியவில்லை. இரண்டாவது ஊசி போட்டாகிவிட்டது.

திங்கட்கிழமை வேலை முடிந்து நானும் என் மாமாவும் மானாப்புல் காட்டு ஓரம் முழுக்க நடந்தோம். சுருக்குக் கம்பி பதினொன்று அகப்பட்டது, எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவந்தோம். யார் வைத்தது என்று தேடவில்லை. ஆனால் தோட்டத் தலைவரிடம் சொல்லி, கோயில் கூட்டத்தில் பேச ஒத்துக்கொள்ள வைத்திருக்கிறேன். கணக்கப்பிள்ளையும் பேசுகிறேன் என்கிறார்.

செவ்வாய்க்கிழமை அந்தியில், பழைய கான் இடிந்த இடத்தில், பாறைக்கு அடியில் வளை தெரிந்தது. எதிர் மலையில் உட்கார்ந்து பார்த்தோம். இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நரி வந்தது. சுற்றிப் பார்த்தது, மெல்லக் குரல் கொடுத்தது. மூன்று குட்டிகள் வெளியே வந்தன, நடக்கத் தெரிந்த குட்டிகள். வாயை நக்கின. அது குனிந்து கக்கிக் கொடுத்தது. மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டார், ஒன்றும் பேசவில்லை.

அப்பாயியிடம் வந்து சொன்னேன். "அப்ப அது செந்நாய் இல்லையாப்பா?" என்று கேட்டார். இல்லை, நரி என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எங்க அம்மா செந்நாய்ன்னு சொல்லித்தான் எனக்குச் சோறு ஊட்டும்" என்றார்.

நேற்றும் இன்றும் போனேன். மூன்றும் இருக்கின்றன.